கம்பியைக் கழற்றிய பிறகு

இது நடந்தது. கட்டுக்கதை என்பவர்கள் அன்று வெங்கடலட்சுமியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

நிலத்தடி நீர் ஆராய்ச்சியில் பதினாறு வருட அனுபவம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே பாறை எங்கே பிளந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். 1994 மே மாதம், பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு புஞ்சைக் காட்டில் போர் போட இடம் பார்க்கச் சொன்னார்கள். 'இங்கே அடியில் வெற்றிடம் இருக்கிறது. ரிக் வண்டியை ஏற்றக் கூடாது' என்று அளந்து பார்த்து எழுதிக் கொடுத்தார்.

மேலதிகாரி அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்தார். "பயந்துக்கிட்டே அளந்தா இப்படித்தானுங்க வரும்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த, நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு வெங்கடலட்சுமியைத் தூங்கவிடவில்லை. மறுநாளே கருவியோடு திரும்பப் போனார்.

மதியம் 1.10. டிரைவர் ஷேக் பரீத் நான்கு இரும்புக் கம்பிகளை மண்ணில் அடித்துவிட்டு ஜீப்புக்குப் போய்விட்டார். வெங்கடலட்சுமி பேட்டரியிலிருந்து கம்பிகளுக்கு மின்சாரம் செலுத்தினார். மீட்டர் முள் நேற்றைய அளவிலேயே நின்றது.

"வெற்றிடந்தான். யாரு பயந்தது?" பல்லைக் கடித்தார்.

டொக்... டொக்... டொக்.

"ஏனுங்க பரீத், இன்னுமா அடிக்கிறீங்க?"

"நான் ஜீப்புல இருக்கறனுங்க மேடம்."

1.14. சுத்தியல் அவர் காலடியில் கிடந்தது.

முள் துடித்தது. மூன்று முறை. நின்றது. மறுபடி மூன்று.

பேட்டரி வயரைப் பிடுங்கினார்.

மூன்று.

நான்கு கம்பிகளின் வயரையும் கழற்றினார்.

மூன்று...

பாதத்துக்கடியில் மண் அதிர்ந்தது.

1.17. பரீத் ஓடிவந்து அவரை இழுத்துக்கொண்டு போனார்.

பக்கத்துக் காட்டுச் சென்னியம்மாள் தண்ணீர் கொடுத்தாள். வெங்கடலட்சுமி குடித்து முடித்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"அறுவத்தெட்டுல அங்க கெணறு வெட்டுனாங்க கண்ணு. எழுவது அடியில பாறை சரிஞ்சு மூணு பேரு சிக்கிக்கிட்டாங்க. போலீசு வந்துருமுன்னு இப்ப இருக்கற காட்டுக்காரரோட அப்பன் மண்ணைத் தள்ளி மூடிப்போட்டாரு."

"செத்த பொறகா?"

"ரெண்டு நாள் சத்தம் கேட்டுதுங்க."

வெங்கடலட்சுமிக்குப் பயம் போய்விட்டது. உடம்பெல்லாம் எரிந்தது. அடிக்கப்பட்ட அறிக்கையோடு கலெக்டர் அலுவலகம் போனார். தோண்டுகிறோம் என்று எழுதித் தரும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை.

பன்னிரண்டாம் நாள் தோண்டினார்கள். மூன்று எலும்புக்கூடுகள் கிடைத்தன.

எழுபதடி ஆழத்தில் அல்ல.

நாலடியில்.