நாலு நூல் இடைவெளி

சென்ற வாரம் என் சிறுகதைத் தொகுப்புகள் முதன்முறையாக ஒரு காரியத்துக்குப் பயன்பட்டன. அளவுகோலாக!

கொஞ்ச நாளாக என் மனைவி சுந்தரிக்குக் காது மந்தம். காலிங் பெல் கேட்பதில்லை. காது மெஷினை மாட்டினால் தலை வலிக்கிறதென்று கழற்றி வைத்துவிடுகிறாள். பகலில் நான் ஆபீஸில். சிலிண்டர் கொண்டு வந்தவர் இரண்டு முறை பெல் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

கோவையிலிருந்து மகள் போன் செய்தாள். "தனியா விடுறது சரியில்லப்பா. ஞாயித்துக்கிழமை வாரேன். அம்மாவை என்கூடக் கூட்டிட்டுப் போறேன்."

சுந்தரி "நான் எங்கயும் வரல" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். எனக்கு மனசே சரியில்லை.

பெல்லை அமுக்கினால் ஹாலில் விளக்கு எரிய வேண்டும்... அவ்வளவுதானே? கடையில் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும். ஆனால் என் கையால் செய்து மாட்ட வேண்டுமென்று ஒரு வீம்பு.

திருப்பரங்குன்றம் போகிற வழியில் ஒரு பழைய குடோனைப் பொதுப் பட்டறை ஆக்கியிருக்கிறார்கள். யாரும் போய் மரம் அறுக்கலாம், சர்க்யூட் போர்டு செய்யலாம். அங்கே மரவேலைக்கு முருகேசன் — வாரம் முழுக்க வீடுகளில் கப்போர்டு மாட்டுகிறவர். ஒயர் வேலைக்கு சம்சாத் — காஜிமார் தெருவில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருப்பவர்.

விளக்குக்கு ஒரு மரப்பெட்டி செய்தேன். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் முருகேசன் சொன்னார்: "சுவத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல நாலு நூல் எடம் விட்டுக் கட்டை அடிங்கண்ணே. ஒயர் போகணும்ல."

நூல் என்றால் எழுதுகிறவனுக்கு என்ன தோன்றும்? வீட்டுக்கு வந்து என் நூல்கள் நாலை அடுக்கி அளந்தேன். இரண்டரை இஞ்ச்! ஒயருக்கு எதற்கு இம்புட்டு இடம் என்று தோன்றியது. தொழில் தெரிந்தவர் சொன்னால் காரணம் இருக்கும் என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அந்த அளவுக்குக் கட்டை வெட்டி, ஃபெவிக்கால் தடவி, ஆணியும் அடித்தாயிற்று.

சனிக்கிழமை மாலை முருகேசன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னண்ணே இது, பால்கனி மாதிரி நீட்டிக்கிட்டு?"

விவரம் சொன்னேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மரவேலைக்காரர்களுக்கு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்காம். நாலு நூல் என்றால் அரை இஞ்ச்.

"நல்லவேளைண்ணே, நீங்க மெலிசா எழுதுறீங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடிந்தால் மகள் வந்துவிடுவாள். கட்டையைப் பெயர்த்தால் பலகை பிளந்துவிடும். வேறு பலகையும் இல்லை. என் வீம்பால் சுந்தரியை ஊர் கடத்தப் போகிறேனே என்று அவமானமாக இருந்தது.

சம்சாத் எட்டிப் பார்த்தார். "சார், அக்கா அடுப்படியிலதான இருப்பாங்க? லைட்டு முன்னாடி இருந்தா, அதையே பாத்துக்கிட்டு நிக்கணும். லைட்டைச் சுவத்தப் பாத்துப் பின்பக்கமாத் திருப்பிருவோம். இம்புட்டு எடம் இருக்குல்ல, சுவரு பூரா வெளிச்சமாயிரும், அடுப்படியிலருந்தே தெரியும்."

திருப்பினோம். அன்று ராத்திரியே மாட்டினேன். பகலிலும் இருட்டாக இருக்கும் ஹால் அது. பட்டனை அமுக்கினால் சுவர் முழுக்க மஞ்சளாகிறது.

ஞாயிறு காலை மகள் வந்தாள். பெல் அடித்தாள். சுந்தரி கதவைத் திறந்தாள். மகள் நம்பாமல் மறுபடி வெளியே போய் அடித்தாள். சுந்தரி திறந்தாள். மூன்றாவது முறையும் திறந்தாள்.

நாலாவது முறை... கதவு திறக்கவில்லை.

"பாத்தீங்களாப்பா?" என்றாள் மகள், வாசலில் நின்ற என்னிடம்.

அடுப்படியிலிருந்து சுந்தரியின் குரல் வந்தது: "லைட்டு எரிஞ்சா உடனே ஓடி வரணும்னு சட்டமாடி? கல்லுல தோசை கெடக்கு. நில்லு, வாரேன்."

கோவைப் பேச்சு அந்தத் தோசையோடு போச்சு.