நான் கட்டிய தோரணம்

போன சனிக்கிழமை எங்கள் ஆலயத்தைக் கூட்டி அலங்கரிக்கச் சிரமதானம். இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். கொஞ்சம் குறையாதா என்ற ஆசையில் இன்னொரு தரமும் எண்ணினேன். குறையவில்லை.

ஓம், பொறாமைதான். ஒளிப்பானேன்?

பெரியகல்லாற்றில் எங்கள் ஆலயத் தொண்டர் குழுவுக்குப் பன்னிரண்டு வருடம் நான்தான் தலைவர். என் காலத்தில் சிரமதானத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர். அதில் ஒருத்தி என் மனைவி. இன்னொருவர் தேத்தண்ணி நேரத்துக்குச் சரியாக வருபவர்.

இந்த முறை அறுப்பின் பண்டிகை வேலையைப் போதகர் ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டார். செட்டிபாளையத்திலிருந்து இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஊருக்கு மருமகளாக வந்த பாலர் பாடசாலை ஆசிரியை. "ஸ்டெல்லா பாக்கட்டுமே, நீங்களும் களைச்சுப்போனீங்க" என்றார் போதகர். களைத்துவிட்டேன் என்று நான் யாரிடம் சொன்னேன்? பண்டிகை நல்லபடி நடந்தால் பொறுப்பு நிரந்தரமாகவே கைமாறும் என்பது எனக்கு விளங்கியது. சனிக்கிழமை மழை கொட்டவேண்டும் என்று நான் ஜெபிக்கவில்லை. கொட்டக்கூடாது என்றும் ஜெபிக்கவில்லை.

வெயில்தான் எறித்தது.

வட்டை வயல்களிலிருந்து கதிர்க் கட்டுகள் வந்தன. பூசணிக்காய், இளநீர், கால் கட்டிய வாவி நண்டுகள்கூட வந்தன. முற்றத்தில் தும்புத்தடியோடு தேவராசா அண்ணன்! ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி வாங்கில் அமர்ந்துவிட்டு முதல் ஆளாக வெளியேறும் மீன்காரர். அவர் கூட்டிய இடத்தில் மூலையெல்லாம் சருகு. என் கை சும்மா இருக்குமா? இன்னொரு தும்புத்தடியை எடுத்து அந்த மூலையில் ஆரம்பித்தேன்.

ஸ்டெல்லா ஓடி வந்தார். "அண்ணன், அதை வைங்க. அது அவர் கூட்டின இடம்."

"மூலையெல்லாம் சருகு இரிக்கு தங்கச்சி."

"இரிக்கட்டும். நீங்க திருப்பிக் கூட்டினா அடுத்த முறை அவர் வரமாட்டார்."

தேவராசா அண்ணனுக்குச் சிரிப்பு. "ஓம் கா. முந்தி ஒருக்கா நான் ஆக்கள் இரிக்கிற கதிரையளை அடுக்கினன். இவர் எல்லாத்தையும் கலைச்சுத் திருப்பி அடுக்கினவர். அண்டைக்குப் போனவன்தான், சிரமதானத்துக்கு இண்டைக்குத்தான் வாறன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர்ச் சனம் சோம்பேறிகள் என்று பன்னிரண்டு வருடமாக அறிவித்தல் நேரத்தில் முழங்கியிருக்கிறேன்... ஆட்களை விரட்டியது என் தும்புத்தடிதானா?

இது தெரிந்ததும் பொறாமை போய்விட்டது என்று நினைக்கிறீர்களா? இரட்டிப்பானது. ஸ்டெல்லா கெட்டிக்காரி என்பதையே பொறுக்க முடியாதவனுக்கு, அவர் சொல்வது சரி என்பதும் சேர்ந்தால்?

"அண்ணன், பீடத்துக்கு மேல கட்டுற கதிர்த் தோரணம் உங்கட பொறுப்பு. ஏணியில ஏற உங்களுக்குத்தான் பழக்கம்" என்றார் கொஞ்ச நேரத்தில். ஆளுக்கொரு பொறுப்பைப் புகழ்ந்து கொடுத்து எல்லோருக்கும் போடும் அதே தூண்டில். தெரிந்துகொண்டே கடித்தேன். இரண்டு மணித்தியாலம் ஏணியில் நின்றேன். கீழே நின்று யாரும் குறை சொல்லவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் ஆலயம் நிரம்பி வழிந்தது. இரண்டாவது வாங்கில் அமர்ந்து என் தோரணத்தைப் பெருமையோடு நிமிர்ந்து பார்த்தேன்.

இடது பக்கம் ஒரு சாண் இறங்கியிருந்தது.

அடுத்தவன் அடுக்கிய கதிரையை நேராக்கும் நான்! முழுச் சபைக்கும் தெரிகிற கோணல். திரும்பினேன். ஸ்டெல்லா பின் சுவரோரம் நின்றார். பக்கத்திலேயே ஏணி. நான் இறங்கிய பிறகு சனி பின்னேரம் முழுக்க அதே ஏணியோடு அங்கேதான் நின்றவர்; கோணல் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? தோரணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சொன்னார்: "வடிவா இரிக்கு அண்ணன்."

பொறுப்பைப் பறித்ததைக்கூட மன்னித்துவிடுவேன். அந்தத் தோரணத்தைத் திருத்தாமல் விட்டாரே... அதைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை!