மேவிஸ் படுத்துப் பார்த்த கூரை

மேவிஸ் டாலிவரைப் போலப் பயந்த மனுஷியை நான் பார்த்ததில்லை. ரெசினை இறுக வைக்கிற ஹார்டனர் பாட்டிலைத் திறக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வாள். ஒரு சொட்டு தெறித்தால் கண் போய்விடும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் நாங்கள் யாரும் அதற்காகக் கழுத்தைத் திருப்பியதில்லை. ரெசின் துடைத்த துணிகளைக் குப்பைத்தொட்டியில் போட விடமாட்டாள், சூடேறிப் பற்றிக்கொள்ளுமாம். ஒவ்வொன்றையும் தண்ணீரில் முக்கி, வெளியே வெயிலில் கல் வைத்து விரித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள்.

"மேவிஸ், உன் சாண்ட்விச்சையும் ஒரு தடவ முக்கி எடுத்துரு. தீப்புடிச்சிரப் போவுது" என்பேன்.

"சிரி லைல், நல்லா சிரி. சிரிக்கிறவன் கைதான் மொதல்ல வேகும்."

கிரீன் ரிவர் ஊரில் பர்ல் ஹேட்சின் கொட்டகையில் நாங்கள் மூன்றே பேர். காட்டுக்கும் பாறைக்கும் போகிற ஜீப்புகளுக்கு ஃபைபர் கூரை செய்வது எங்கள் தொழில். கம்பெனிக் கூரையைக் கழற்றி எறிந்துவிட்டு, உயரமாக ஒன்று, பக்கத்தில் பெட்டி வைத்து ஒன்று, நாய் எட்டிப்பார்க்க ஜன்னல் வைத்து ஒன்று என்று ஆளுக்கொரு ஆசையோடு வருவார்கள். பர்ல் முதலாளி, பேசுவதும் வண்டியில் பொருத்துவதும் அவன். அச்சுக்குள் கண்ணாடி நார் மேட் விரித்து, ரெசின் ஊற்றி, உருளையால் குமிழி போக உருட்டுவது மேவிஸ். ரெசின் பிடித்துக் கலக்கிக் கொடுப்பதும், கூரை வெளியே வந்த பிறகு ஓரம் வெட்டிப் பெயின்ட் அடிப்பதும் நான்.

அதற்கு முன் பத்தொன்பது வருஷம் அவள் தெற்கே ஏரிக்கரையில் படகு பார்த்தவள். ஏரி வற்றி, படகுக்காரர்கள் கலைந்ததும் இங்கே வந்தாள். புருஷன் ஆர்வல் முலாம்பழ லாரி ஓட்டுகிறவன். ஏரியில் ஒருநாள் ஒரு படகில் யாரோ போட்ட ஒட்டு பிரிந்து, ஒரு குடும்பம் தண்ணீரில் விழுந்ததை அவள் கரையிலிருந்து பார்த்திருக்கிறாள். எல்லோரையும் தூக்கிவிட்டார்கள். அப்படியும் அந்தக் கதையைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிடும்.

"மரம் முறியறதுக்கு முன்னாடி கத்தும். இரும்பு வளையும். ஃபைபர் மட்டும் கடைசி நிமிஷம் வரைக்கும் அழகா நிக்கும்" என்பாள்.

அதனால் அவளுக்கு ஒரு வழக்கம். கூரை முடிந்ததும் காசை வைத்து அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்பாள். பிறகு வண்டியில் ஏற்றியதும் ஏணி போட்டு மேலே ஏறி மல்லாந்து படுப்பாள். என்னையும் பக்கத்தில் படுக்கச் சொல்வாள். ரேடியோவில் இரண்டு பாட்டு முடிகிறவரை இருவரும் கொட்டகை உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். பர்ல் கீழே நின்று, "கல்யாண மோதிரம் வாங்கிட்டு வரட்டா?" என்பான். அவள் சிரிக்க மாட்டாள். முதுகால் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஜூலையில் டெரன் ஆஷ்டவுன் என்று ஒருவன் வந்தான். மனைவி ஷானா, ஆறு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பெண்கள். கூரைமேல் மடக்குக் கூடாரம் வைத்து, குழந்தைகள் மேலே தூங்க வேண்டும், தாங்கள் இருவரும் வண்டிக்குள் தூங்க வேண்டும் என்றான். அதற்குக் கூரையின் உள்பக்கம் குறுக்கே நாலு விலா வைத்து ஒட்ட வேண்டும். கூடாரத்தின் பாரம் முழுவதும் அந்த விலாக்களில்தான் நிற்கும். அவை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது தட்டு கனத்துக்கு ஒரு ஓடு.

இங்கே ரெசினைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இரண்டு டிரம் இருக்கும். ஒன்று சாதா. காய்ந்த பிறகும் மேலே லேசாகப் பிசுபிசுக்கும்; அந்தப் பிசுபிசுப்பில்தான் அடுத்த அடுக்கு பிடிக்கும். இன்னொன்று மெழுகு கலந்தது. காயும்போது மெழுகு மேலே வந்து கண்ணாடி மாதிரி மூடிவிடும். கடைசி அடுக்குக்கு மட்டும்தான் அதை ஊற்ற வேண்டும். அதன்மேல் எதையாவது ஒட்ட வேண்டுமென்றால் முதலில் தேய்த்துச் சுரண்டியாக வேண்டும். சுரண்டாமல் ஒட்டினால் ஒட்டிய மாதிரியே நிற்கும். காசு வைத்துத் தட்டினாலும் நல்ல சத்தமே வரும்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட்டின் கடைசி மேட் விரித்தாகிவிட்டது. அதன்மேல் விலா ஒட்ட வேண்டியிருந்ததால் அதற்கும் சாதாதான் ஊற்ற வேண்டும். பழைய சாதா டிரம் அடிவரை வந்து நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. வெளியே நூற்று ஐந்து டிகிரி, கொட்டகைக்குள் அதற்கும் மேல். எனக்குப் பொறுமை இல்லை. அன்று காலை வந்து இறங்கிய புது டிரம்களில் ஒன்றின் முத்திரையை உடைத்து வாளியை நிரப்பிக் கொடுத்தேன். ஒட்டியிருந்த சீட்டைப் படிக்கவில்லை. பழைய டிரம்மின் மிச்சத்தைக் குழாயடியில் வாளி வைத்து வடியவிட்டுப் போனேன். திங்கட்கிழமை விலா ஒட்ட அது போதுமானதாக இருந்தது.

திங்கள் காலை மேவிஸ் ஓட்டின் உள்ளே விரலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"லைல், ஒட்டலியே. வெள்ளிக்கெழம குடுத்தது சாதாதானே?"

"சாதாதான்."

"நெசமா?"

"ரெண்டு நாள் வெயில்ல கெடந்திருக்கு, காயாம என்ன பண்ணும்? வேணும்னா நாள் பூரா உக்காந்து சொரண்டு. பர்ல் வந்து உன்னயச் சொரண்டுவான்."

ஆஷ்டவுன் வியாழக்கிழமை வண்டி எடுக்க வருகிறவன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு விலாவை எடுத்து வைத்தாள். அந்த ஒரு தடவை மட்டும் தன் விரலைவிட என் பேச்சை நம்பினாள்.

வியாழன் காலை இருவரும் மேலே படுத்தோம். இரண்டு பாட்டு முடிந்தது. தாங்கியது. மதியம் அவர்கள் ஸ்வெல் பாறைக்காட்டுக்குப் புறப்பட்டார்கள். சின்னவள் ஜன்னல் வழியாகக் கையாட்டினாள்.

வெள்ளி காலை அடுத்த கூரைக்கு ரெசின் பிடிக்கப் போனேன். புது சாதா டிரம்மின் முத்திரை உடையாமல் அப்படியே இருந்தது. பக்கத்து டிரம்மில் என் கையால் உடைத்த முத்திரை தொங்கிக்கொண்டிருந்தது. சீட்டில் மெழுகு என்று இருந்தது.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது உண்மை. படுத்துப் பார்த்தோமே, தாங்கியதே என்று மனசு வக்காலத்து வாங்கியது. வாளியைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் போய்ச் சொன்னேன்.

மேவிஸ் திட்டவில்லை. "நேத்து ராத்திரி மேலதான் படுத்திருக்கும் அந்தப் புள்ளைங்க" என்றாள்.

பர்ல் ஓடி வந்தான். "பதறாதீங்க. நீங்க ரெண்டு பேரும் படுத்தப்பவே தாங்கிச்சுல்ல?"

"நின்ன வண்டில படுத்தோம், பர்ல். அது நாப்பது மைல் மண் ரோட்டுல குலுங்கிட்டுப் போயிருக்கு. குலுக்கல்தான் அத உரிக்கும்."

ஆஷ்டவுனின் போன் அடிக்கவே இல்லை. அந்தப் பக்கம் சிக்னல் கிடையாது. பர்ல் ஷெரிஃப் ஆபீசுக்குப் போன் போட உட்கார்ந்தான். நாங்கள் என் பிக்கப்பில் கிளம்பினோம்.

ஸ்வெல்லுக்குள் போகிற மண் ரோடு முழுக்க அலை அலையாக நெளிந்து கிடக்கும். ஒவ்வொரு அலையிலும் வண்டி தடதடத்தது. ஒவ்வொரு தடதடப்பும் அந்தக் கூரையில் என்ன செய்திருக்கும் என்று என் எலும்பில் தெரிந்தது. கூடாரம் போடுகிற இடங்கள் அங்கே நூறு இருக்கும். ஒவ்வொரு கிளை ரோட்டிலும் இறங்கித் தேடினோம். ஒரு இடத்தில் வெள்ளைக் கூரை தெரிந்ததும் மேவிஸ் என் கையைப் பிடித்து அழுத்தினாள். வேறு யாருடையதோ. அவர்கள் எங்களுக்கு முலாம்பழம் நறுக்கி நீட்டினார்கள். வாங்க நேரமில்லை.

நான் ஏதேதோ பேசினேன். கூடாரத்தை விரித்திருக்கவே மாட்டார்கள், காற்று அதிகம் என்றேன்.

"பேசாத லைல். ரோட்டப் பாரு."

மூன்றரை மணிக்கு ஒரு வளைவு தாண்டி, பாறை நிழலில் அந்த ஜீப் நின்றது. கூடாரம் விரிந்திருந்தது. அதற்குள் இரண்டு பெண்களும் குதித்துக்கொண்டிருந்தார்கள். டெரன் தள்ளி அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். பின்கதவு திறந்திருக்க, வண்டிக்குள் மெத்தையில் ஷானா தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் கத்த வாயெடுத்தேன். மேவிஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கத்தாத. புள்ளைங்க பயந்து ஒரே பக்கமா ஓடிரும்." நடந்தே போனாள். பின்கதவு வழியாக உள்ளே நுழைந்தாள். கூரை நடுவில் தொப்பை விழுந்திருந்தது. ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு விலாவின் நுனி வாயைத் திறந்து மூடியது.

"ஷானா, கண்ணு, எழுந்திரு. சத்தம் போடாம வெளிய போ" என்றாள். ஷானா விழித்து, மேலே பார்த்து, ஊர்ந்து வெளியேறினாள். மேவிஸ் மெத்தையில் முட்டிபோட்டு, குனிந்து, முதுகை அந்த விலாவுக்குக் கீழே கொடுத்தாள்.

"லைல், எறக்கு. ஒவ்வொண்ணா. பெரியவ மொதல்ல."

டெரன் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தான். நான் கூடாரத்து ஏணியில் ஏறினேன். பெரியவள் வந்துவிட்டாள். அவளை டெரன் கையில் கொடுத்தேன். சின்னவள் இது விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். கூடாரத்தின் கோடிக்குப் போய்ப் போர்வைக்குள் ஒளிந்துகொண்டாள்.

"வாடா செல்லம். கை குடு."

"என்னக் கண்டுபுடி."

கீழே ஏதோ பிரிகிற சத்தம் கேட்டது, துணி கிழிகிற மாதிரி. "லைல்" என்றாள் மேவிஸ். அந்தக் குரலில் அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை. நான் குப்புறப் படுத்து, எட்டி, போர்வையோடு சேர்த்துக் குழந்தையின் காலைப் பிடித்து இழுத்தேன். அது வீறிட்டு அழுதது. அழ அழ இறக்கினேன்.

நான் தரையில் கால் வைத்தபோது மேவிஸ் வெளியே உருண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் கூரை குழிந்து உள்ளே இறங்கியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஷானா தலை வைத்திருந்த இடத்தில் கூடாரத்தின் இரும்புச் சட்டம் உட்கார்ந்திருந்தது.

டெரன் விலா ஒன்றைக் கையில் எடுத்தான். ஒட்டிய பக்கம் ஒரு நார்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தது.

"யாரு ஒட்டினது இத?"

"நான்" என்றாள் மேவிஸ்.

"டிரம்ம மாத்துனது நான்" என்றேன். அவன் எங்களைப் பார்க்கவே இல்லை. விலாவை மண்ணில் போட்டுவிட்டுக் குழந்தைகள் பக்கம் போனான்.

திரும்பும்போது மேவிஸ் முதுகைச் சாய்க்காமல் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். சட்டை முதுகில் கிழிந்து, உள்ளே நீளமாகத் தோல் வழன்றிருந்தது.

"திங்கக்கெழம நான் கேட்டப்ப, பொய் சொன்னியா?"

"இல்ல. சத்தியமா இல்ல. பாக்காம சொன்னேன்."

அவள் தலையை ஆட்டினாள். "பொய்யே சொல்லியிருக்கலாம். பொய் சொன்னா உன் மூஞ்சில தெரிஞ்சிருக்கும்."

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. மேவிஸ் இன்னும் எங்களோடுதான் வேலை பார்க்கிறாள். ஆஷ்டவுன் குடும்பம் அதற்குப் பிறகு வரவில்லை. எங்களிடம் பட்டது அவர்களுக்குப் போதும். என்னோடு அவள் சண்டை போடவும் இல்லை. என் பெண் கல்யாணத்துக்கு வந்து ஆடினாள். கேலி செய்தால் பதிலுக்குக் கேலி செய்கிறாள். ஆனால் நான் வாளியை நீட்டினால் வாங்குவதில்லை. உருளையைக் கீழே வைத்து, பிசுபிசுத்த கையுறையைக் கழற்றி, கொட்டகையின் மறுகோடிவரை நடந்து, டிரம்மின் சீட்டைக் குனிந்து படிக்கிறாள். பிறகு திரும்பி வந்து கையுறையை மாட்டிக்கொண்டு வாங்கிக்கொள்கிறாள். அதுவரை நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.