வெள்ளோட்டம்

அறுபதுகளில் கோட்டைப்பட்டினத்தில் பட்டறை வைத்திருந்தேன். ஒரு விசைப்படகின் இன்ஜின் ஷாஃப்டை, சுழலும் எமரி பெல்ட்டில் பிடித்து மெருகேற்றும்போது மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. அன்றைக்கே தருவதாகச் சொல்லியிருந்தேன். சொன்ன சொல் தவறக் கூடாதென்ற வீம்பு. மறுபடி மறுபடி தேய்த்தேன். விரிசல் பளபளப்பில் மறைந்தது.

ஷாஃப்டைப் பூட்டியதும் படகுக்கார பாய் கேட்டார்.

"சரியா இருக்குல்ல?"

"கல்லு மாதிரி இருக்கு பாய்."

"அப்ப நீங்களும் ஏறுங்க. வெள்ளோட்டம் பாத்துட்டு வந்துருவோம்."

உள்ளே ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள். இன்ஜின் உறுமியது. ஒரு காலைப் படகில் வைத்தேன்.

"நிறுத்துங்க பாய்! ஷாஃப்டுல விரிசல் இருக்கு."

பாய் இன்ஜினை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை, மறைக்காமச் சொன்னீங்க."

நான் தலைகுனிந்து நின்றேன். அந்த நாலு பேருக்காகத் திறக்காத வாய், என் கால் படகில் பட்ட பிறகுதான் திறந்தது.