ஐந்து பேரும் ஒரு பங்களாவின் பெயரும்

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி என்னைச் செம்பவாங் கடற்கரைக்குக் காரில் அழைத்துப் போனாள். செங்காங்கிலிருந்து பதினான்கு சிக்னல்கள், ஒன்பதில் சிவப்பு. கடலோரப் பழைய பங்களாவின் பெயரை அவளுடைய கைபேசி வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அந்தப் பெயருக்கு நான் கேட்ட மூன்றாவது உச்சரிப்பு. முதல் இரண்டும் சேர்ந்து ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தன.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பியான சின்ன மாமா, கடற்படைத் தளத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குக் கார் ஓட்டும் வேலைக்கு மனுப் போட்டிருந்தார். ஏற்கனவே இரண்டு முறை தோற்றவர். வேலை கிடைத்தால்தான் பெண் என்று சிராங்கூன் ரோட்டு வீடு ஒன்றில் சொல்லியிருந்தார்கள். தேர்வில் அதிகாரி பின்னால் ஏறி ஓர் இடத்தின் பெயரைச் சொல்வார். அதைத் தெளிவாகத் திருப்பிச் சொல்லிவிட்டு அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பெரும்பாலும் அது இந்தப் பங்களாதான்.

பெரியப்பா காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். அது பிரெஞ்சுப் பெயர், பொருள் 'அழகான இடம்', சொல்ல வேண்டியது 'போல்யூ' என்று மாமாவுக்குப் பாடம் நடத்தினார். தளத்துக் கிடங்கில் வேலை பார்த்த சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"பியூலின்னு சொல்லணும் அண்ணே. தினமும் காதால கேக்கறேன்."

"பிரெஞ்சுக்காரன் பேர நீ திருத்துறியா தம்பி?"

"பேர் அவனோடதா இருக்கட்டும். வீட்டுல குடியிருக்கறவன் இங்கிலீஷ்காரன் லா. அவன் வீட்ட அவன் எப்படிக் கூப்பிடணும்னு காரைக்கால்லேருந்தா உத்தரவு வரும்?"

பொருள் பெரியப்பா பக்கம், பழக்கம் சித்தப்பா பக்கம். இன்று யோசித்தால் இருவருமே சரி. அன்று இருவரும் மாமாவைப் பார்த்து ஒரே சபதம் செய்தார்கள்: தேர்வில் மற்றவர் சொன்னபடி சொன்னால், பெண் வீட்டுக்கு நான் வர மாட்டேன்.

நான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். அப்பா, அம்மா, மாமா, பெரியப்பா, சித்தப்பா என்று ஐந்து பேர் போவதாக ஏற்பாடு. ஒருவர் நின்றால் நான்கு, இரட்டைப்படை. இருவரும் நின்றால் மூன்று. மூன்று பேராக நல்ல காரியத்துக்கு யார் போவார்கள்? சிறுவர்கள் கணக்கில் சேர மாட்டோம். அன்று நான்கு தோசைக்குப் பதில் இரண்டுதான் தின்றேன்.

தேர்வு முடிந்து மாமா மத்தியானம் வந்தார். வேலை கிடைத்துவிட்டது! அம்மா அழுதாள். மாமா நேரே பின்கட்டுக்குப் போய்ப் பெரியப்பாவின் காதில் சொன்னது கிணற்றடியில் நின்ற எனக்குக் கேட்டது.

"நீங்க சொன்ன மாதிரியே சொன்னேன் அத்தான். தொரை அசந்துட்டாரு. மச்சான்கிட்ட மட்டும் கேட்டுடாதீங்க, பாவம், மனசு நோகும்."

பிறகு வாசலில் இருந்த சித்தப்பாவிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"நீங்க சொன்ன மாதிரியே சொன்னேன் மச்சான். தொரை அசந்துட்டாரு. அத்தான்கிட்ட மட்டும் கேட்டுடாதீங்க."

ஒரு தேர்வு, ஒரு கேள்வி, இரண்டு பதில். "மாமா, இப்பத்தானே அங்க..." என்று ஆரம்பித்த என் வாயில் சூடான கறிபஃப் ஒன்று வந்து அடைத்துக்கொண்டது.

சனிக்கிழமை ஐந்து பேரும் போனார்கள். டாக்சியில் ஜன்னலோர இடத்தைப் பெரியப்பா சித்தப்பாவுக்கு விட்டுக்கொடுத்தார். வெற்றிலைத் தட்டை ஏந்தும் மரியாதையைச் சித்தப்பா பெரியப்பாவுக்குக் கொடுத்தார். தோற்றுப்போன மனிதரிடம் காட்டும் கருணை இருவர் முகத்திலும் வழிந்ததாம். பெண் வீட்டார், என்ன ஒற்றுமை என்று வியந்து அன்றே தேதி குறித்தார்கள்.

நான் மாமாவை விடவில்லை. "உண்மையில எதச் சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலடா. தொரை ஒரு சீட்ட நீட்டுனாரு, அதுல பேரு எழுதியிருந்துச்சு. 'யெஸ் சார்'னேன், வண்டிய எடுத்தேன். அந்த வழியாத்தான தெனமும் தூண்டில் போடப் போறேன்!"

பொய் இரண்டு என்று நோட்டில் குறித்துவைத்து, ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். ஜெயித்தது மாமா. அந்த ஜெயத்தை இரண்டாக வெட்டி இரண்டு பெரியவர்களுக்கும் கொடுத்துவிட்டு, தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு நின்றார். ஒன்றை இரண்டாக வெட்டினால் எப்படி இரண்டு முழுசாக வரும் என்பது என் ஒன்பது வயதுக் கணக்குக்குப் பிடிபடவில்லை.