வடை வாங்கித் தரும் உரிமை

சங்கரன்கோவிலில் நான் மேலாளராக இருக்கும் பார்சல் ஆபீஸில் ஒரு சட்டம் உண்டு. தப்புச் செய்தவர் முதலில் என்னிடம் திட்டு வாங்க வேண்டும். சாயங்காலம் எல்லோருக்கும் வடை வாங்கித் தர வேண்டும். நான் கத்தினால் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் திரும்பிப் பார்ப்பார்கள். கோபம் வந்த வேகத்திலேயே போயும் விடும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தார். குருவிகுளம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பிறவியிலிருந்தே கால்களில் பலமில்லை. இரண்டு ஊன்றுகோல்கள்தான் துணை. நாங்கள் அவரைத் தாங்கு தாங்கென்று தாங்கினோம். ஃபேனுக்கு அடியில் நாற்காலி. எழுந்தால் நாலு பேர், "நீங்க இருங்கம்மா." அவர் அடிக்கும் லேபிளை இன்னொருவர் வாங்கிச் சரிபார்ப்பார், தப்பிருந்தால் சத்தமில்லாமல் திருத்தி விடுவார். வாசலில் இரண்டு படிகள் இருக்கின்றன, சரிவுப்பாதை போடலாமா என்று ஒருமுறை கேட்டார். "எதுக்கும்மா, நாங்க தூக்கிவிட மாட்டமா?" என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்குப் பெருமை வேறு.

ஒருநாள் பனவடலிசத்திரத்துக்குப் போக வேண்டிய கல்யாணப் பத்திரிகைக் கட்டு சிவகிரிக்குப் போய்விட்டது. கல்யாணப் பெண்ணின் அப்பா நேரில் வந்து குதித்தார். நான் மூட்டை ஏற்றுபவர்மேல் பாய்ந்தேன். அவர் என் வயதுக்காரர்.

"என்னவே, கண்ணு பிடதியிலயா இருக்கு? பனவடலி எங்க கெடக்கு, சிவகிரி எங்க கெடக்கு?"

அவர் லேபிளின் நகலை எடுத்து நீட்டினார். சிவகிரி என்றுதான் இருந்தது. சரிபார்ப்பவர் அன்று லீவு. அடித்தது அந்தப் பெண். என் குரல் சட்டென்று இறங்கியது.

"பரவால்லம்மா. யாருக்கும் வர்றதுதான்."

அவர் ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார்.

"போன வாரமே எழுதிட்டேன் சார். வேலைய விட்டுட்டுப் போறேன்."

"இந்தத் தப்புக்கா?"

"தப்புக்கு இல்ல சார். அண்ணாச்சிய அந்தத் திட்டு திட்டுனீங்கள்லா, நான்னு தெரிஞ்சதும் ஏன் நிறுத்துனீங்க? ரெண்டு வருசத்துல இங்கன நான் ஒரு வடை வாங்கித் தரல. நான் தப்பே பண்ணலையா? இல்ல, எங்கிட்ட யாரும் வேலையே எதிர்பாக்கலையா?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. நல்ல ஆளை அனுப்பிவிடப் போகிறோமே என்று பயமும் வந்தது. வெட்கமும் பயமும் சேர்ந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"ஏம்மா, கண்ணு பிடதியிலயா இருக்கு? அடிச்ச லேபிள ஒருதடவ வாசிச்சுப் பாக்க மாட்டீங்களா? கட்டு திரும்பி வார வரைக்கும் போன் பண்ணி வெரட்டுறது உங்க பொறுப்பு! அந்தப் பெரியவர்ட்டயும் நீங்கதான் பேசணும்!"

ஆட்டோ ஸ்டாண்ட் திரும்பிப் பார்த்தது. அவர் தலைகுனிந்து நின்றார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று குனிந்து பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

பெரியவரை அவரே சமாதானப்படுத்தினார். சிவகிரிக்கு ஏழெட்டு போன் போட்டார். மூன்று மணி பஸ்ஸில் கட்டு வந்து சேர்ந்தது. நான்கு மணிக்கு வடை வாங்கக் கிளம்பினார். உதவ எழுந்த என் கையை மூட்டை ஏற்றுபவர் பிடித்து உட்கார வைத்தார். அந்த இரண்டு படிகளை இறங்க அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன். அவர் கடையிலிருந்து திரும்புவதற்குள் சரிவுப்பாதைக்குக் கொத்தனாரிடம் பேசி முடித்திருந்தேன்.

கழுத்தில் மாட்டிய பையோடு வந்தார். எல்லோருக்கும் சூடான வடை.

"டீ நீங்க வாங்கணும் சார். லேபிளப் பாக்காம அண்ணாச்சியத் திட்டுனது உங்க தப்புல்லா?"

ஆபீஸே சிரித்தது. மூட்டை ஏற்றுபவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். நான் டீக்குச் சொல்லி அனுப்பினேன்.

வடையில் எண்ணெய் சொட்டியது. துடைக்கத் தாள் தேடினேன். அவர் என் மேசைமேல் கிடந்த ராஜினாமாக் கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதியில் தன் வடையை வைத்து அழுத்திக்கொண்டு, மறு பாதியை என்னிடம் நீட்டினார்.