பாறைக்குழியில் ஒரு டயர் தடம்

கல்லிலும் மண்ணிலும் ஓட்டுவதற்கென்றே என் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு பைக் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பனியன் கம்பெனிக்கு விடுமுறை. வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே கல் வெட்டியெடுத்துவிட்டுக் கைவிட்ட பாறைக்குழிக்குப் போவார்; அதைச் சுற்றித்தான் ஓட்டுவது. அத்தை இறந்து மாமா தனியாளான பிறகு அம்மா என்னையும் அனுப்ப ஆரம்பித்தாள்.

"தனியா உழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும் தம்பி? இவளும் கூட வரட்டும்."

எனக்கு ஒன்பது வயது. கழுத்தில் ஒரு விசில். மாமா விழுந்து எழாவிட்டால் நான் ஊத வேண்டும்; ரோட்டோர டீக்கடைக்காரர் ஓடி வருவார் என்று ஏற்பாடு.

மாமா ரொம்ப ஜாக்கிரதைக்காரர். ஹெல்மெட், மார்புக் கவசம், முழங்கால் கவசம், கனத்த பூட்ஸ் எல்லாம் மாட்டுவார். கல்லில் நன்றாகப் பிடிக்கட்டும் என்று டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குவார். அப்புறம் ஓட்டப்போகும் பாதை முழுவதையும் ஒருமுறை நடந்தே பார்ப்பார். நானும் பின்னால் போவேன்.

அந்த ஞாயிறு உச்சிவெயிலில் காற்றே இல்லை. இருந்தும் கருவேல முள்ளில் சிக்கிய பனியன் துண்டுகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. குழிக்குள் கறுத்த தண்ணீர். நாங்கள் பேசியதையெல்லாம் யாரோ கீழேயிருந்து, கொஞ்சம் யோசித்துவிட்டு, திருப்பிச் சொல்வதுபோல் இருந்தது.

பாதி வழியில் ஒரு டயர் தடம் பாதையை விட்டுப் பிரிந்து போனது. முந்தின நாள் மழை ஈரத்தில் அச்சு தெளிவாக விழுந்திருந்தது. அதன் கூடவே நடந்தேன். எங்கும் வளையாமல் நேராகப் போய், குழியின் விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. இரண்டு பக்கமும் பூட்ஸ் தடம், வெகுநேரம் ஊன்றி நின்றதுபோல் ஆழமாக.

"மாமா, இது நம்ம வண்டி டயருங்க. நேத்து வந்தீங்களா?"

"வந்தீங்களா" என்றது குழி.

மாமா ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "இந்தப் பக்கம் வந்துரு கண்ணு" என்றார். யாரோ வேறு ஆள் பேசுவதுபோல் இருந்தது. என் கையைப் பிடித்துப் பாதைக்கு இழுத்து வந்தார். பிறகு பூட்ஸ் காலால் அந்தத் தடத்தைத் தேய்த்தார். விளிம்பிலிருந்து பாதைவரை, துளி விடாமல். அன்று அவர் வண்டி ஓட்டவில்லை.

வீட்டு வாசலில் டெம்போவை நிறுத்திவிட்டு, "அடுத்த ஞாயித்துக்கெழமையும் வர்றியா கண்ணு?" என்று கேட்டார். அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"வர்றேனுங்க மாமா."

என் காவல் அவருக்குப் பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. மூன்று வருடம் ஒரு ஞாயிறும் தவறவில்லை. வண்டி சறுக்கி விழுந்தால் ஆள் கூப்பிடத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்றே அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.